வேர் தேடி வருகிறார்கள்!

ஸ்காட்லாந்தின் வடக்கே கல்லோடன் என்று ஒரு பொட்டல் வெளி. கோடை வந்துவிட்டால் அங்கே பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்தவர்கள் கூட்டங் கூட்டமாக இறங்குகின்றனர். புல்மேட்டில் நட்டிருக்கும் கற்களிலே பிரேசர் என்றும் மெக்கின்டாஷ் என்றும் தத்தம் குலப்பெயரைத் தேடுகின்றனர். கண்டதும் கண் கலங்குகின்றனர். 1746 ஏப்ரல் 16ஆம் நாள் மலைநாட்டுக் குலங்களின் படையை அரசுப் படை முறியடித்த களம் அது. கற்களோ 1881இல் அந் நிலத்தின் உடைமையாளர் நட்டவை! அவற்றுள் ஒன்றில் 'கலப்புக் குலங்கள்' என்று பொறித்திருக்கிறது. செத்த பிறகாவது கலந்தார்களே என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம்.

களத்தைக் கண்ட பின் கோட்டைக்குப் போகிறார்கள். குலத் தலைவன் வாழ்ந்த கோட்டை. அவனுடைய வாள், அவனுடைய கேடயம், அவன் அணிந்த கட்டம் போட்ட கம்பளியாடை. குலத்திற்கொரு கட்டம், கட்டத்திற்கொரு நிறம் என்று கடையிலே விற்கிறார்கள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டன் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை மனிதர் எவர்க்கும் உள்ளது; அதை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. நாம் கேட்பது ஒன்றே: கோட்டையைக் காட்டுகிறவர்கள், பாட்டன் ஏன் கனடாவுக்குப் போனான் என்பதையும் காட்டுகிறார்களா?

'கிளான்' என்ற சொல்லுக்கு அவர்தம் கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். தலைவன் தந்தை, குடிகள் பிள்ளைகள். கேட்க எவ்வளவு இனிமை! கல்லோடனுக்குப் பின் தலைவனின் ஆட்சியுரிமையைச் சட்டம் பறித்தது. தந்தை நிலக்கிழாராக மாறினார். பிள்ளைகள் கட்டும் வாரத்தைவிட ஆடு மேய்த்தால் வரும் பணம் அதிகம் என்று கணக்குப் போட்டார். சதர்லாந்துப் பகுதியில் ஸ்ட்ராத்நேவர் என்னும் பள்ளத்தாக்கிலே 1814இலும் 1819இலும் குடிசைகளைக் கொளுத்திக் குடிகளை விரட்டினர். கொளுத்திய பண்ணைக் காரியக்காரர் பாட்ரிக் செல்லர் மீது 1816இல் வழக்கும் நடந்தது. நடுவர் குழுவில் நிலமும் பொருளும் படைத்தோரே மிகுந்திருந்தனர். தீர்ப்பு? குற்றமற்றவர்!

அதற்கு ஆறாண்டுக்குப் பின், 1822இல், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தார். கதையாசிரியர் வால்டர் ஸ்காட் விழா ஏற்பாட்டாளர். மன்னருக்குக் கட்டம் போட்ட ஆடை. குலத் தலைவர்களுக்கெல்லாம் கட்டம் போட்ட ஆடை. மலைநாட்டான் அதை உடுத்தக் கூடாதென்று கல்லோடனுக்குப் பின் சட்டம் போட்டு, 1782 வரை தடுத்து வைத்திருந்தது எந்த அரசோ, அந்த அரசின் மன்னரே உடுத்திக்கொண்டு நின்றார். குடிகள் குடிசை இழந்த காலத்தில் தலைவர்களுக்குக் குலப்பெருமை கொடிகட்டிப் பறந்தது. இன்று பேருந்தில் வருகிறவர்களுள் எத்தனையோ பேர் விரட்டப்பட்டவனின் பேரப்பிள்ளைகள். பார்த்துப் பூரிப்பதோ விரட்டியவனின் கோட்டையை. இருவர்க்கும் குலப்பெயர் ஒன்றுதானே!

இந்தச் செய்தி குறிஞ்சிப்பாடிக்காரனுக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். பரங்கிப்பேட்டை நமக்குத் தொலைவன்று. 1781 சூலை முதல் நாள் ஐதர் அலியின் படையும் கும்பெனிப் படையும் அங்கே மோதின. கும்பெனியின் பக்கம் நின்று போரிட்டவர்களுள் 73ஆம் மலைநாட்டுப் படைப்பிரிவும் ஒன்று. அதைத் திரட்டியவர் மெக்லௌட் பிரபு, மெக்கன்சி குலத்தார். அவரும் அவர் தந்தையும் 1745இல் அரசை எதிர்த்துக் கலகம் செய்து நிலமனைத்தும் இழந்தவர்கள். இழந்ததை மீட்க வழி, எதிர்த்த அரசுக்கே படை திரட்டித் தருவது. 'பிள்ளைகள்' நம் தென்னார்க்காட்டு வெயிலில் வந்து மாண்டனர். 1784இல் பிரபுவுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. பரங்கிப்பேட்டைப் போரில் குழலூதியவனின் துருத்திப்பை குண்டடி பட்டதென்றும், வெள்ளிக் குழல் வாங்க ஐம்பது பவுன் தந்தார் தளபதி கூட் என்றும் அப் படைப்பிரிவின் மரபு கூறுகிறது. குழலுக்கு வெள்ளி, தலைவனுக்கு நிலம், ஊதியவனின் உறவினருக்கு ஆட்டுப் பட்டிக்காக வெளியேற்றம். இதுதான் குலம்!

இனி நம் கதைக்கு வருவோம். நம்மவரும் கப்பலேறினர்.

ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை 1834இல் ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவை. மொரீசுக்கும், நேட்டாலுக்கும், ரீயூனியனுக்கும், மேற்கிந்தியத் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும், பின்னர் பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் போயினர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் சென்றோர் தொகை 1,52,184. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியே சென்றவர்கள். பிரெஞ்சுத் தீவுகளுக்கோ புதுச்சேரியும் காரைக்காலும் வாயில்கள். பிரெஞ்சுக்காரர் ஆங்கில ஆட்சிப் பகுதியிலும் ஆள் பிடிக்கலாம் என்று இரு வல்லரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்ட நாள் 1861 சூலை முதல் நாள்.

அதே 1861இல், அதே காரைக்காலில், ஒரு நூல் அச்சேறியது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை! பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டை ஒருவர் இந்நூலில் வருகிறார். சிதம்பரம் போக விடை கேட்கிறான் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடி, பிறகு போ என்கிறார் வேதியர். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி ஏங்கி, கடைசியில் தீயில் இறங்கினால்தான் தில்லைக்குள் நுழைவு என்ற நிலை. பக்தர்கள் இதைப் பாடி உருகினார்கள். பாட்டு அச்சான ஊரின் துறைமுகத்திலேயே, ஆண்டையிடம் விடை கேளாமல் இரவோடிரவாகப் புறப்பட்டு வந்த பண்ணையாட்கள் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். நாளைப் போவாரைப் பற்றிப் பாடிய நாடு, இன்றே போனவரைப் பற்றிப் பாடவில்லை!

போனவர்கள் போனது இன்பத்திற்கன்று. கொடுமை அங்கும் காத்திருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கங்காணியின் பிரம்பு, ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி. ஆயினும் ஏன் போனார்கள்? தாது ஆண்டுப் பஞ்சத்தைச் சொல்லலாம். ஆள்பிடிப்போனின் பொய்யைச் சொல்லலாம். தறி நின்றுபோன நெசவாளனும் போனான், கடனில் மூழ்கிய குடியானவனும் போனான். எனினும் சேரியில் பிறந்தவனுக்கு இவற்றிற்கும் மேலான காரணம் ஒன்று இருந்தது. உழுத நிலம் அவனுடையதன்று. குடியிருந்த மனையும் அவனுடையதன்று. ஊர்க் கிணற்று நீரும் அவனுக்கில்லை. விட்டுப் போக அவனிடம் என்ன இருந்தது? கூலி முடிந்து திரும்பி வந்தவர்கள் சிலரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கடல் கடந்தவன், சாதி கெட்டவன் என்று ஊர் ஒதுக்கியது. கையிலிருந்த பொருள் கரைந்ததும் மறுபடியும் கப்பலேறினார்கள்.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் நேட்டால் ஆட்சியினர் ஒரு வரி எழுதி வைத்தனர். எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், தாணா, ஊர், உடல் அடையாளம். எத்தனையோ குடும்பத்துக்கு முன்னோரைப் பற்றி எஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். ஊரைத் தேடி ஏட்டைப் புரட்டும் கொள்ளுப்பேரன் முதலில் காண்பது ஊரையன்று. அதற்கு முந்திய கட்டத்தில் இருக்கும் சாதியை!

பெயரில் நேர்ந்த விந்தையையும் சொல்லவேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, நாயுடு, முதலி, படையாச்சி, கவுண்டர் என்னும் பட்டங்களெல்லாம் குடும்பப் பெயர்களாக உருமாறிவிட்டன. வெள்ளைக்காரன் எழுத்தர் எழுதியது பாதி, தானே சூட்டிக்கொண்டது பாதி. அங்கே அப்பெயருடைய இளைஞன் ஒருவனுக்கு அது பிரேசர், மெக்கன்சி போல வெறும் பெயர். இங்கோ, 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே ஒட்டிய சாதிவாலை அறுத்தெறியச் சொன்னது; பலர் மேடையிலேயே அறுத்தெறிந்தனர். நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறோம். தந்தை பெயரின் முதலெழுத்து, பிள்ளையின் பெயர், அவ்வளவே. பெயரைக் கூப்பிட்டால் எந்தத் தெருப் பிள்ளை என்று தெரியாது. (சான்றிதழைப் பார்த்தால் தெரியும், அது வேறு கதை.) நாம் அறுத்தது அங்கே வாழ்கிறது, பொருளிழந்து. அது பொருளோடு திரும்பி வரலாகாதே என்பதுதான் நம் கவலை.

இப்போது வருகிறார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் 'வேர்களைத் தேடி' என்னும் பண்பாட்டுப் பயணத் திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 30 அகவை வரையுள்ள அயலகத் தமிழ் இளைஞர்கள் குழுவாக அழைத்து வரப்பட்டனர். தென்னாப்பிரிக்கா, மொரீசு, பீஜி முதலிய நாடுகளிலிருந்தும், தமிழே அறியாத குவாதலூப், மார்த்தினிக் தீவுகளிலிருந்தும் வந்தனர். மாமல்லபுரம் கண்டனர், தஞ்சைப் பெரிய கோயில் கண்டனர். நல்ல முயற்சி, வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம். மொழியை மறக்கடித்த கடலைத் தாண்டி ஒரு பெண் வந்து நின்று 'அம்மா' என்ற ஒரு சொல்லைத் தன் பாட்டி சொல்லக் கேட்டதாகக் கூறினால், நம் நெஞ்சும் உருகத்தான் செய்யும்.

ஆனால் இராசராசன் கோயில் அவள் கொள்ளுப்பாட்டிக்கு என்ன உறவு? 1939க்கு முன் வந்திருந்தால் அந்தப் பாட்டி சேரியில் பிறந்தவளாயின் அக்கோயிலுக்குள் நுழைந்திருக்க முடியாதே! கோட்டையைக் காட்டிக் குடிசையை மறைக்கும் ஸ்காட்லாந்துக் கதை இங்கும் நேர வேண்டுமா? இதைவிடத் தீங்கானது ஒன்றுண்டு. தனியே ஊர் தேடி வருகிறவனை வரவேற்க முதலில் முன்வருவோர் யார்? சாதிச் சங்கத்தார்! 'நீ நம்மவன்' என்று மாலை போட்டு, குலதெய்வம் இது, பங்காளி இவர் என்று காட்டி, கொள்ளுப்பாட்டன் கடலில் தொலைத்த சாதியைத் தூசி தட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவனும் அதுதான் வேர் என்று நம்பிப் போவான்.

நம் பகுதிக்கு அப்படி ஒரு குழு வந்தால் எங்கே அழைத்துச் செல்வது என்று நண்பர்களோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தோம். சிதம்பரம் போகட்டும், கோபுரத்தைப் பார்க்கட்டும். அத்தோடு சுவாமி சகசானந்தர் 1916இல் அந்நகரில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளியையும் பார்க்கட்டும். தீயில் இறங்காமலே பிள்ளைகள் நுழைந்த இடம் அது. பரங்கிப்பேட்டை கடற்கரையில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். மலைநாட்டுக்காரன் கதையைச் சொல்லலாம். பிறகு சிற்றூர் ஒன்றில் நடக்கட்டும். ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது, இடையிலே எவ்வளவு தொலைவு என்பதை அவர்கள் காலாலேயே அளக்கட்டும். அதன் பின் காரைக்கால் துறை. அங்கே பேருந்தைவிட்டு இறங்கியதும், கப்பல் ஏட்டின் அந்த ஒரு வரியை அவர்கள் கையில் கொடுத்து, ஊர்ப்பெயரை உரக்கப் படிக்கச் சொல்வோம்.