சஸ்பென்ஷன் லிஃப்ட்
சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது, பிக்கப் டிரக்கின் அடிச்சட்டத்துக்கும் அச்சுகளுக்கும் இடையிலான தொலைவை நீண்ட சுருள்வில்கள், பட்டைவில்கள் அல்லது இடைக்கட்டைகளால் கூட்டி, கரடுமுரடான வழிகளில் வண்டியின் அடிப்பாகம் தட்டாமல் காக்கும் மாற்றமைப்பாகும். சட்டத்தின் மேலுள்ள கூண்டை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் இதனின்று வேறானது. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டிகளில் தரைக்கு மிக அருகிலிருப்பது பெரும்பாலும் டிஃபரன்ஷியல் கூடு ஆதலால், அதனைப் பெரிய டயர்களே உயர்த்த இயலும். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் தரைக்கும் அக்கூட்டுக்கும் இடையிலான இடைவெளி 1 அங்குலம் கூடும்; அத்தகைய டயர்களுக்கு லிஃப்ட் இடந்தருகிறது. முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பில் உயரம் மிகுந்தால், விசை கடத்தும் தண்டுகளின் இணைப்புகள் மிகுதியாக வளைந்து விரைவில் தேயும். ஈர்ப்பு மையம் உயர்வதால் கவிழும் அபாயமும் வளருமாதலின், தேவையான டயருக்குப் போதுமான மிகக்குறைந்த உயரத்தையே தேர்ந்து, பிரேக் குழாய்களின் நீளத்தையும் சக்கர அலைன்மென்ட்டையும் சரிபார்ப்பது இன்றியமையாதது.