சிவப்பு லைட்டும் அம்மாவின் தாலாட்டும்

ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த மேட்டர் இது. எழுதலாம்னு உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஆணி வந்து நிக்கும். உண்மையைச் சொன்னா ஆணி ஒரு சாக்குதான். செஞ்ச தப்பை ஊரறிய ஒத்துக்க ஒரு தயக்கம், அவ்வளவே.

2012-ல அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன்னு முடிவாச்சு. குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது, சில பேருக்குக் குரல் மாறலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். அம்மா பாட்டு கத்துக்கிட்டவங்க இல்ல. ஆனா அவங்க அம்மாகிட்டேருந்து வந்த ஒரு தாலாட்டு இருக்கு. தாய்மாமன் சீர் எடுத்துட்டு வர்ற கதை. ஏழெட்டு நிமிஷம் ஓடும். மாமன் வாசல்ல வந்து நிக்கிற இடத்துல குரல் சர்ருன்னு மேல ஏறும். எங்க வீட்டுல மூணு தலைமுறை அந்த இடத்துல தூங்காம முழிச்சுப் பாத்திருக்கோம். அதைப் பதிவு பண்ணி வெச்சுடணும்னு ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நான் களத்துல குதிச்சேன்.

கையில இருந்தது கம்ப்யூட்டரோட வந்த ஒரு மைக். கூடவே, லைட் மியூசிக் ட்ரூப்புல மிக்ஸர் பாத்த நண்பர் ஒருத்தர் எப்பவோ சொன்ன வேதவாக்கு: "லெவலை நல்லா ஏத்தி வை. சிவப்பு லைட்டை எட்டிப் பாக்கணும். கம்மியா வெச்சா இரைச்சல்தான் மிஞ்சும்." ஏத்தினேன். மேல மின்விசிறி ஓடிட்டிருந்தது (மே மாசம், நிறுத்தினா அம்மாவே எழுந்து போயிருப்பாங்க). மைக் மேஜை மேல, அம்மா கட்டில்ல. நடுவுல நாலடி தூரம். ஒரே மூச்சுல பாடி முடிச்சாங்க.

போட்டுக் கேட்டா மாமன் வாசலுக்கு வர்ற இடம் மொத்தமும் கரகரன்னு உடைஞ்சு கெடக்கு. மத்த இடமெல்லாம் ஃபேன். நாமதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே! இரைச்சலை நீக்கற வசதியைத் தேடிப் புடிச்சு, மூணு தடவை அடுத்தடுத்து ஓட்டினேன். ஃபேன் போச்சு. கூடவே அம்மா குரலும் தண்ணித்தொட்டிக்குள்ளேருந்து வர்ற மாதிரி ஆச்சு. கடைசியா செஞ்சதுதான் உச்சக்கட்டம். அதே ஃபைல் மேலயே சேவ் பண்ணி மூடிட்டேன்.

சரியான அறிவுரையைக் கேட்டுத்தானே செஞ்சோம், எப்படி இப்படி ஆச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவோட மூலம். வீட்டுல பாட்டு பதிவு பண்ற கலைக்குன்னு ஒரு சரித்திரம் இருக்கு. அதுல எனக்குக் கெடைச்ச விஷயம் ஒண்ணுதான். நாம கேக்குற ரெக்கார்டிங் அறிவுரைகள்ல பாதி, செத்துப்போன மெஷின்களுக்காகச் சொன்னது. மீதிப் பாதி எந்த மெஷின் வந்தாலும் சாகாது. எது எந்தப் பாதின்னு தெரியாமப் போனாத்தான் ஆபத்து.

கதை லெஸ் பால்கிட்டேருந்து தொடங்குது. கிடார் வாசிக்கிறவங்களுக்கு இந்தப் பேரு கிப்சன் கம்பெனியோட கிடார் மாடலாத் தெரியும். அது ஒரு ஆளோட பேரு (1915-2009). 1940-கள்ல ஹாலிவுட்ல அவர் வீட்டு கராஜ்தான் ஸ்டூடியோ. டேப்பெல்லாம் இன்னும் கைக்கு வராத காலம். ஒரு அசிட்டேட் தட்டுல ஒரு கிடாரைப் பதிவார். அந்தத் தட்டை ஓட விட்டு, அதோட சேர்ந்து இன்னொரு கிடார் வாசிச்சு, ரெண்டையும் சேர்த்து அடுத்த தட்டுல பதிவார். அப்புறம் மூணாவது. இப்படியே எட்டு கிடார். சிலதைப் பாதி வேகத்துல பதிஞ்சு முழு வேகத்துல ஓட்டி, மனுஷ விரலால முடியாத வேகத்தையும் சுருதியையும் கொண்டுவந்தார். 1948-ல கேப்பிடல் கம்பெனி வெளியிட்ட 'லவர்' இப்படி வந்ததுதான். அதுக்காக வீணான தட்டுகள் ஐந்நூறு இருக்கும்னு சொல்வாங்க.

அடுத்து டேப். ஜெர்மன்காரங்க 1935-லயே மேக்னட்டோஃபோன்னு ஒரு டேப் ரெக்கார்டரைப் பொதுமக்களுக்குக் காட்டிட்டாங்க. போர் முடிஞ்சதும் ஜாக் முல்லின்ங்கிற அமெரிக்க ராணுவப் பொறியாளர் ரெண்டு மெஷினைப் பிரிச்சு ஊருக்கு அனுப்பி, 1946-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஓட்டிக் காட்டினார். ரேடியோவுல லைவா பாடிப் பாடி அலுத்துப்போயிருந்த பிங் கிராஸ்பி இதைப் பாத்து ஆம்பெக்ஸ் கம்பெனிக்குப் பணம் கொடுத்தார். அந்த ஆம்பெக்ஸ் மெஷின் ஒண்ணை லெஸ் பாலுக்கும் பரிசாக் கொடுத்தார்.

இங்கதான் நம்மாளு மூளை வேலை செஞ்சது. டேப் மெஷின்ல வரிசையா மூணு ஹெட். முதல்ல பழசை அழிக்கிறது, அடுத்து புதுசை எழுதுறது, கடைசில படிக்கிறது. அவர் அழிக்கிற ஹெட்டுக்கும் முன்னாடி இன்னொரு படிக்கிற ஹெட்டை வெச்சார். டேப் ஓடும்போது பழைய பதிவு முதல்ல படிக்கப்படும். அடுத்த கணம் அழிக்கப்படும். படிச்சதும், இப்ப வாசிக்கிறதும் கலந்து அதே டேப்புல எழுதப்படும். அழகுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, பழசு போயே போச்சு. பதினோராவது அடுக்கு வரைக்கும் வந்துட்டு பன்னெண்டாவதுல மனைவி மேரி ஃபோர்டு ஒரு தும்மல் போட்டா, மறுபடியும் முதல்லேருந்து. கன்ட்ரோல் இசட் கிடையாது.

அது மட்டுமில்ல. ஒவ்வொரு அடுக்குக்கும் டேப்போட சொந்த இரைச்சல் ஒரு படி ஏறும், முதல்ல பதிஞ்சது மங்கிட்டே போகும். அதனால முக்கியமில்லாத பகுதிகளை முதல்ல பதிஞ்சுட்டு, மேரியோட பிரதான குரலைக் கடைசிக்கு வெச்சுப்பார். 1951-ல 'ஹௌ ஹை த மூன்' இப்படித்தான் நியூயார்க் குவீன்ஸ் பகுதியில அவங்க வீட்டுலேயே பதிவாச்சு. ஒன்பது வாரம் அமெரிக்கப் பட்டியல்ல முதலிடம். அதுல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு, மேரி மைக்குக்கு ரொம்பக் கிட்டக்க நின்னு பாடினது. அப்போ பெரிய ஸ்டூடியோக்கள்ல ரெண்டடி தள்ளி நின்னு பாடுறதுதான் மரியாதை.

ஆக, 'லெவலை ஏத்து'ங்கிற வாக்கு எங்கேருந்து வந்ததுன்னு புரியுதா? டேப் தானே பொறக்கும்போதே இரைச்சலோட பொறந்தது. குரல் தாழ்ந்து பதிஞ்சா அந்த ஸ்ஸ்ஸ்-க்குள்ள மூழ்கிடும். முள்ளு சிவப்பைத் தொட்டாலும் டேப் கோவிச்சுக்காது. மெதுவா அமுக்கி, கொஞ்சம் உருண்டையாக் கொடுக்கும். பல பேருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவும் செஞ்சது. என் நண்பர் பொய் சொல்லல. அவர் மெஷினுக்கு அது சத்தியம்.

எழுபதுகள்ல டீயாக் கம்பெனியோட நாலு டிராக் ரீல் மெஷின்கள் வீட்டுக்குள்ள வந்தது, போஸ்டன் குழுவோட டாம் ஷோல்ஸ் பகல்ல போலராய்டு கம்பெனில இன்ஜினியரா இருந்துக்கிட்டே வீட்டு நிலவறையில 1976 ஆல்பத்தைச் செதுக்கினதுன்னு நிறைய இருக்கு. தாண்டிப் போறேன். ஏன்னா எனக்குச் செல்லம் அடுத்து வர்ற பெட்டிதான்.

1979. டீயாக் போர்ட்டாஸ்டூடியோ 144. நாம ராஜா பாட்டு பதிஞ்சு தேய்ச்ச அதே கேசட்தான் இதுக்கும். சாதாரண கேசட்ல ஏ பக்கத்துக்கு ரெண்டு தடம், பி பக்கத்துக்கு ரெண்டு தடம். இந்தப் பெட்டி நாலையும் ஒரே திசையில ஓட்டி, தனித்தனியா பதியும். தரம் கூடணும்னு வேகத்தையும் ரெண்டு மடங்காக்கிட்டாங்க. அதனால 60 நிமிஷ கேசட்ல 15 நிமிஷம்தான் கெடைக்கும். மூணு டிராக் நிரம்பினதும் மூணையும் கலந்து நாலாவதுல எறக்கிட்டு, காலியான மூணுல மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா கலந்தது கலந்ததுதான், பிரிக்க முடியாது. லெஸ் பாலோட அதே விதி, கொஞ்சம் கருணையோட.

1982 ஜனவரி. நியூஜெர்சி கோல்ட்ஸ் நெக்ல ஒரு வாடகை வீடு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் படுக்கையறையில இந்தப் பெட்டியோட உட்கார்றார். ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக். மெஷினைப் பாத்துக்கிட்டது அவரோட கிடார் டெக்னீஷியன் மைக் பாட்லன், ஸ்டூடியோ இன்ஜினியர் இல்ல. பாண்டுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுக்க மாதிரி பதிவுதான் நோக்கம். எக்கோப்ளெக்ஸ்ங்கிற எதிரொலிப் பெட்டி வழியா அனுப்பி, ஒரு பழைய பானசானிக் டேப் ரெக்கார்டர்ல எறக்கினாங்க. அந்தக் கேசட்டைப் பெட்டி கூட இல்லாம பாக்கெட்லயே போட்டுக்கிட்டு வாரக்கணக்கா சுத்தினார்.

அப்புறம் நியூயார்க்ல பெரிய ஸ்டூடியோ, முழு பாண்டு. அதே பாட்டுகள். எல்லாம் துல்லியம், ஆனா கேசட்ல இருந்தது அங்க வரவே இல்ல. கடைசில அந்தக் கேசட்டையே வெளியிடறதுன்னு முடிவாச்சு. அப்பத்தான் தலைவலி. லெவல் தாழ்வு, இரைச்சல் ஜாஸ்தி. அதை இசைத்தட்டுல வெட்ட ஒண்ணுக்கு மேல நிபுணர்கள் போராட வேண்டியிருந்தது. 1982 செப்டம்பர் 30 அன்னிக்கு வந்தது 'நெப்ராஸ்கா'. அதை எடுத்த கதையை வெச்சே 2025-ல ஒரு சினிமா வந்துச்சு.

கேட்டுப் பாருங்க. இரைச்சல் இருக்கு. ஆனா குரல் காதுக்குள்ள இருக்கு. அறை சின்னது, மைக் பக்கத்துல, பாடுற ஆளுக்கு யாரும் கேக்கலைன்னு நினைப்பு. இந்த மூணும் எந்த மெஷினுக்கும் சொந்தம் இல்ல.

(நம்மூர்லயும் இது புதுசில்ல. 1992-ல ரோஜா மூலமா நம்ம காதைத் திருகின ரஹ்மானோட பஞ்சதன் ஸ்டூடியோவும் வீட்டோட ஒட்டினதுதான். அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.)

1990-கள்ல டிஜிட்டல் வந்து விதி தலைகீழாச்சு. 1992-ல அலெசிஸ் கம்பெனியோட ஏடாட், வீடியோ கேசட்ல எட்டு டிராக் டிஜிட்டலா பதிஞ்சது. அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. 16 பிட்ல உச்சத்துக்கும் அடியில இருக்குற இரைச்சலுக்கும் சுமார் 96 டெசிபல் இடைவெளி. சாதா கேசட்ல 50 இருந்தாலே பெரிய விஷயம். 24 பிட் வந்ததும் இந்தக் கவலையே போயிடுச்சு. ஆனா மேல் பக்கம் கூரை கான்கிரீட். பூஜ்யத்தைத் தாண்டினா டேப் மாதிரி அமுக்கிக் கொடுக்காது, அலையோட தலையைச் சீவிடும். சீவினது சீவினதுதான். அதனால இன்னைக்கு உச்சம் மைனஸ் 12 கிட்ட நின்னாப் போதும், பயமில்ல. அம்மா குரல் ஏறின இடத்துல நான் சீவிட்டேன்.

ஃபேன் விஷயம் இன்னும் அசட்டுத்தனம். டேப் இரைச்சல் மெஷினுக்குள்ள பொறக்குது, அதை ஜெயிக்க லெவலை ஏத்தலாம். ஃபேன் சத்தம் மைக் வழியாவே வருது. குமிழைத் திருகினா குரலும் ஏறும், ஃபேனும் ஏறும். அதுக்கு ஒரே வழி கிட்டக்க போறது. தூரத்தைப் பாதியாக்கினா குரல் 6 டெசிபல் கூடும், ஃபேன் அப்படியே இருக்கும். நாலடியை ஒரு சாணாக்கியிருந்தா சுமார் 14 டெசிபல் லாபம். ஓசியில! 1951-ல மேரி ஃபோர்டு செஞ்சது இதுதான்.

லெஸ் பாலுக்குப் பழசை அழிக்கிறதைத் தவிர வேற வழியில்ல. எனக்கு ஹார்ட் டிஸ்க்ல அத்தனை ஜிபி சும்மா கெடந்தது. யாரும் என்னை அழிக்கச் சொல்லல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பேச்சுக் குரல் ரெண்டு மாசத்துல திரும்பிடுச்சு. மேல ஏறுறது மட்டும் வரல. முயற்சி பண்ணுவாங்க, பாதியில காத்துதான் வரும். "வயசாச்சுடா, விடு"ன்னு சிரிச்சுப்பாங்க. ஆபரேஷனாலயா வயசாலயான்னு நான் கேக்கல.

2013 பொங்கலுக்குப் போனப்ப மறுபடி எடுத்தேன். போர்வை, மெத்தை எல்லாம் அடுக்கி வெக்கிற சின்ன அறை. அங்க கை தட்டினா எதிரொலியே வராது. ஜனவரிங்கிறதால ஃபேன் பிரச்சனையும் இல்ல. மைக் ஒரு சாண் தள்ளி, நேரா வாய்க்கு எதிர இல்லாம கொஞ்சம் ஓரமா, 'ப' வர்ற இடத்துல காத்து மோதாம இருக்க. உச்சம் மைனஸ் 14.

"ரொம்பக் கீழ சுருதி புடிச்சுக்கறேன், பரவால்லயா?"

"எதுல வருதோ அதுல பாடும்மா."

மாமன் வாசலுக்கு வந்தார். குரல் மேல போகல. அதுக்குப் பதிலா அந்த இடத்துல அம்மா வேகத்தைக் குறைச்சு, கிட்டத்தட்ட பேசுற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் ஹெட்ஃபோன்ல கேட்டுட்டிருந்தேன். மூச்சு எடுக்கிறது கூட கேட்டது. வெளியில எங்கேயோ பால்காரர் மணி ரெண்டு தடவை.

முடிச்சுட்டு என்னைப் பாத்தாங்க. "இதையாவது அழிக்காம வெப்பியா?"

மூணு காப்பி இருக்கு. மூணுலயும் பால்காரர் மணி இருக்கு.