யூனிக்ஸின் இரு வழக்குகள்: நிறுவனப் போட்டியும் கணினி நிர்வாகிகளின் இருமொழியமும்

யூனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தனர், யார் யார்மீது வழக்குத் தொடுத்தனர், சந்தை இறுதியில் யார் கைக்குச் சென்றது என்பனவே அதன் இயல்களாக அமைகின்றன. அப்போட்டி நடந்த ஆண்டுகளில் வழங்கிகளை ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியவர்களும், மாற்றம் முடியும்வரை இரண்டையும் அருகருகே இயக்கியவர்களும் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பு அளவிலேயே இடம்பெறுகின்றனர். ஆயினும் யூனிக்ஸின் இரு கிளைகளும் இன்று பெருமளவு ஒன்று கலந்திருப்பதில் இக்கணினி நிர்வாகிகளின் அன்றாட வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. மொழியியல் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான கிளைமொழித் தொடர்பு, குறிமாற்றம், தரப்படுத்தல் ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு நோக்கினால் இது தெளிவாகும்.

பிளவின் தோற்றம் ஒரு சட்டச் சூழலில் உள்ளது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியில் யூனிக்ஸ் உருவாயிற்று. 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இசைவாணை ஏடி அண்ட் டி நிறுவனத்தைத் தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்யவிடாமல் கட்டுப்படுத்தியிருந்தது. எனவே யூனிக்ஸ் மூலநிரலோடு குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் முதலானோர் அதனை விரிவாக்கி, 1978 முதல் பிஎஸ்டி என்ற பெயரில் வெளியிட்டனர். ஏடி அண்ட் டி தன் வணிகப் பதிப்பான சிஸ்டம் ஃபைவை வெளியிட்ட 1983ஆம் ஆண்டிலேயே, இணைய நெறிமுறைகளை உள்ளடக்கிய பிஎஸ்டி 4.2உம் வெளிவந்தது. 1984 சனவரி முதல் நாள் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டபோது பழைய வணிகத் தடையும் நீங்கியது. ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இரண்டும் அதன்பின் நேர்ப் போட்டியாளர்களாயின.

வேறுபாடுகள் வெளித்தோற்றத்தில் சிறியவை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் பெர்க்லி வழக்கினர் 'ஏயுஎக்ஸ்' என்ற எழுத்துகளோடும், சிஸ்டம் ஃபைவ் வழக்கினர் இடைக்கோடிட்டு 'ஈஎஃப்' என்ற எழுத்துகளோடும் தட்டச்சு செய்தனர். ஒருவர் எங்கே தொழில் பயின்றார் என்பதை அவருடைய விரல்களே காட்டிக்கொடுத்தன. ஈ என்ற அதே எழுத்து ஒரு வழக்கில் எல்லா நிரல்களையும் காட்டு என்றும், மற்றதில் நிரலின் சூழல் மாறிகளைக் காட்டு என்றும் பொருள்பட்டது. அச்சிட ஒரு வழக்கில் எல்பிஆர், மற்றதில் எல்பி. வரிமுடிவு இல்லாமல் ஒரு சொல்லைத் திரையிட எக்கோ கட்டளைக்கு ஒன்றில் 'என்' என்ற தெரிவு தேவை. மற்றதில் சொல்லின் இறுதியில் பின்சாய்கோடும் 'சி' எழுத்தும் தேவை.

ஒரே வடிவமும் வேறு பொருளும் கொண்ட சொற்களே இரு கிளைமொழிகளுக்கிடையே மிகுந்த ஆபத்தை விளைவிப்பவை. இதற்குத் தக்க சான்று கில்ஆல் என்னும் கட்டளை. லினக்சில் அது குறிப்பிட்ட பெயர் கொண்ட நிரலை மட்டும் நிறுத்தும். சிஸ்டம் ஃபைவ் மரபைப் பின்பற்றிய சோலாரிசில் அது, இயந்திரத்தை நிறுத்தும் வேளையில் பயன்படுவதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அனைத்தையும் நிறுத்தும். லினக்ஸ் பழக்கத்தோடு சோலாரிஸ் வழங்கியில் முழு உரிமையுடன் நுழைந்து அச்சொல்லைத் தட்டும் நிர்வாகி, ஒரு நிரலை நிறுத்த எண்ணி வழங்கியையே முடக்கிவிடக்கூடும். பேச்சில் இத்தகைய பிழை நகைப்போடு முடியும். இங்கே அது அவ்வழங்கியை நம்பியிருக்கும் அனைவரின் பணியையும் நிறுத்திவிடும்.

இரு வழக்குகளுக்கிடையே நிர்வாகிகள் இடம்பெயர நேர்ந்த பெரிய நிகழ்வு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஏற்பட்டது. 1982இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் நிறுவனர்களுள் பில் ஜாயும் ஒருவர். அதன் சன்ஓஎஸ் பெர்க்லி மரபில் வந்தது. 1987இல் சன்னும் ஏடி அண்ட் டியும் இரு மரபுகளையும் இணைக்க உடன்பட்டன. இதனை அச்சுறுத்தலாகக் கருதிய டிஜிட்டல், ஐபிஎம், எச்பி முதலிய நிறுவனங்கள் 1988இல் ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேசன் என்ற எதிரணியை அமைத்தன. இணைப்பின் விளைவான சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு 1992இல் சோலாரிஸ் 2 வந்தது. பெர்க்லி வழக்கில் வளர்ந்த சன் நிர்வாகிகள், தம் விருப்பம் கேட்கப்படாமலே, மறுதரப்பு வழக்குக்கு மாறவேண்டியவராயினர்.

மாற்றம் அடித்தளம்வரை சென்றது. வட்டுகளை இணைக்கும் எஃப்எஸ்டாப் கோப்பின் இடத்தை வேறு அமைப்புக் கொண்ட விஎஃப்எஸ்டாப் பிடித்தது. இயந்திரம் தொடங்கும்போது செய்யவேண்டியவற்றை எழுதிவைத்த ஆர்சி லோக்கல் கோப்புக்கு மாறாக, இயக்கநிலை வாரியாக எண்ணிட்ட சிறு நிரல்களின் வரிசை வந்தது. முன்பு உடன் வந்த சி மொழித் தொகுப்பி இப்போது தனி விலைக்குரிய பொருளாயிற்று. பலர் குனூ தொகுப்பியை நாடினர். புதிய தளத்துக்கு மெய்யான சிறப்புகளும் இருந்தன. பல செயலிகளை ஒருங்கே பயன்படுத்தும் ஆற்றல் அதில் கூடியிருந்தது. கெர்னல் பகுதிகள் தேவைக்கேற்பத் தாமே ஏற்றப்பட்டன. எனினும் இச்சிறப்புகளின் பயன் நிறுவனத்துக்குச் சென்றது. பழைய தேர்ச்சி செல்லாக்காசான இழப்பு நிர்வாகிக்கு நேர்ந்தது.

சன் இதனை உணர்ந்தே இருந்தது. சோலாரிசில் பெர்க்லி வழக்கின் கட்டளைகள் யூசிபி என்ற தனி அடைவில் வைக்கப்பட்டன. பழைய சன்ஓஎஸ்சிலும் இதற்கு எதிரிணையாக, சிஸ்டம் ஃபைவ் கட்டளைகளுக்கென ஓர் அடைவு இருந்தது. எந்த அடைவு தேடல் வரிசையில் முதலில் வருகிறதோ அவ்வழக்கே அப்பயனரின் தாய்வழக்காகும். ஒருவர் ஒற்றை வரியை மாற்றித் தம் கிளைமொழியை மாற்றிக்கொள்ளலாம். மொழியியலார் குறிமாற்றம் என்று அழைப்பதற்கு இவ்வளவு துல்லியமான பொறிவடிவம் வேறொன்று இருப்பது அரிது.

இருமொழியாளர்களுக்கு அகராதி வேண்டும். அதனை அவர்களே ஆக்கிக்கொண்டனர். 1987இல் யூசெனிக்ஸ் அமைப்பு பெரிய நிறுவல்களின் நிர்வாகிகளுக்கென லிசா கூட்டங்களைத் தொடங்கியது. 1989இல் எவி நெமத், கார்த் ஸ்னைடர், ஸ்காட் சீபாஸ் ஆகியோர் எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு, ஒரே பணி வெவ்வேறு தளங்களில் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை ஒப்பிட்டுக் கற்பித்தது. பின்னாளில் புழக்கத்துக்கு வந்த ஓர் ஒப்பீட்டு அட்டவணை ரொசெட்டாக் கல்லின் பெயரையே தாங்கியது.

தரப்படுத்தல் மேலிருந்தும் நடந்தது. 1988இல் ஐஇஇஇ அமைப்பு போசிக்ஸ் தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது முதன்மையாக நிரல் எழுதுவோரை நோக்கியது. வட்டுப் பட்டியல், தொடக்க ஒழுங்கு, அச்சுப்பொறி அமைப்பு போன்ற நிர்வாகப் பணிகளுக்கு அது வழி சொல்லவில்லை. எக்கோ கட்டளையின் பூசலில் அது எத்தரப்புக்கும் தீர்ப்பு வழங்காமல், பிரிண்ட்எஃப் என்ற வேறொரு கட்டளையைப் பரிந்துரைத்து விலகிக்கொண்டது. இதே வழியில் கில்ஆல் சிக்கலுக்கும் ஒரு புதுச்சொல் தீர்வாயிற்று. சோலாரிஸ் 7இல் அறிமுகமான பிகில் கட்டளையைப் பின்னர் லினக்சும் பிஎஸ்டி வகைகளும் ஏற்றன. பழம்பகை இல்லாத சொல்லே பொதுச்சொல்லாக நிலைத்தது.

புழக்கத்துக்கு மறுக்கும் ஆற்றலும் உண்டு. சன் தன் பயனர் தகவல் சேவையான என்ஐஎஸ்க்கு மாற்றாக என்ஐஎஸ் பிளஸ் என்பதனை முன்வைத்தது. அதன் சிக்கலை விரும்பாத பல நிர்வாகிகள் பழையதையே தொடர்ந்தனர். 2011இல் வந்த சோலாரிஸ் 11இலிருந்து என்ஐஎஸ் பிளஸ் நீக்கப்பட்டது. பழைய என்ஐஎஸ் எஞ்சியது.

இதற்கிடையே 1992இல் ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் துணைநிறுவனம், பெர்க்லி நிரலை விற்ற பிஎஸ்டிஐ நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 1994இன் தொடக்கத்தில் உடன்பாட்டில் முடிந்தது. ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் மூன்றே நீக்கப்பட்டன. அவ்விடைவெளியில் வளர்ந்தது, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். எந்தத் தரப்பின் வாரிசும் அல்லாத அது இரு வழக்குகளையும் தழுவியது. அதன் பிஎஸ் கட்டளை இடைக்கோடு இருந்தால் சிஸ்டம் ஃபைவ் முறையிலும், இல்லையெனில் பெர்க்லி முறையிலும் பொருள்கொள்ளும். கப்ஸ் அச்சு முறைமை எல்பி, எல்பிஆர் இரண்டையும் வழங்குகிறது. வட்டுப் பட்டியலின் பெயர் பெர்க்லியிலிருந்தும், முற்கால வெளியீடுகள் பெரும்பாலானவற்றின் இயக்கநிலைகள் சிஸ்டம் ஃபைவிலிருந்தும் வந்தன. எந்த உடன்படிக்கையும் இக்கலப்பைக் கட்டாயமாக்கவில்லை. இரு பழக்கங்களோடும் வந்து சேர்ந்த மனிதர்களுக்கு இடங்கொடுத்ததன் விளைவு இது.

போட்டி ஓய்ந்தாலும் இடப்பெயர்வு ஓயவில்லை. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029வரை எதிர்பார்க்கப்பட்ட ஆதரவு 2021 டிசம்பரோடு முடியும் என்று 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தது. நிர்வாகிகள் ராக்கி, அல்மா முதலிய தளங்களை நோக்கி நகர்ந்தனர். இம்முறை கட்டளைகள் ஏறக்குறைய மாறவில்லை. மாறாதிருக்கவேண்டும் என்பதற்காகவே அத்தளங்கள் உருவாக்கப்பட்டன. 1992இன் சன் நிர்வாகிகளுக்குக் கிடைக்காத தெரிவு இது. தளத்தின் உரிமை யாரிடம் இருப்பினும் அதன் வழக்கு தம்மிடமே இருக்கவேண்டும் என்று பயன்படுத்துவோர் இங்கே முடிவுசெய்தனர். கணினி வரலாற்றை ஆராயும் மாணவர்கள் நீதிமன்ற ஆவணங்களோடு அடைவுகளின் தேடல் வரிசையையும் கையேடுகளின் ஒப்பீட்டு அட்டவணைகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளவேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.