லயன் காம்பராவில் லயன் காமிக்ஸ்: நம் ஊருக்குச் சித்திரக்கதை வந்த வழி

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

ஒக்டோபர் வந்தால் பாடசாலைகளில் வாசிப்பு மாதம். பேச்சுப் போட்டி, சுவரொட்டி, ஊர்வலம் எல்லாம் நடக்கும். கூடவே ஒரு பேச்சும் நடக்கும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே சேர் வாசிக்குதுகள்?" பெற்றோரும் சொல்கிறார்கள், ஆசிரியர்களாகிய நாமும் சொல்கிறோம். ஆனால் பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எந்தக் காலத்தில் என்ன வாசித்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புத்தகம் கைக்கு எட்டிய காலத்தில் பிள்ளைகள் வாசித்தார்கள். எட்டாத காலத்தில் வாசிப்பு நின்றது. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, பெரியவர்கள் மதிக்காத ஒரு சாமானின் வரலாறு. அதுதான் சித்திரக்கதை, நம் பேச்சில் கொமிக்ஸ்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். மலையகப் பாதையின் கடைசி நிலையம் நம்முடையது. கொழும்பில் இறங்கும் பத்திரிகையும் சஞ்சிகையும் கடைசியாக வந்து சேரும் இடமும் இதுதான். 1947இல் தமிழில் தொடங்கிய அம்புலிமாமா முதலான படம் போட்ட சிறுவர் இதழ்கள் இப்படித்தான் மலை ஏறின. அம்புலிமாமா கொமிக்ஸ் அல்ல, படங்களோடு கூடிய கதை இதழ். ஆனாலும் படத்தைப் பார்த்துக் கதைக்குள் போகும் பழக்கத்தைப் பல வீடுகளில் தொடக்கி வைத்தது அதுதான். 1964இல் இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் வந்தது. முகமூடி அணிந்த வேதாளர் அதன் முதல் நாயகன். 1967இல் அமர் சித்திரக் கதை வந்தது.

தமிழ்ச் சித்திரக்கதைக்குப் பெரிய திருப்பம் 1972. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சகங்களுக்கும் பேர்போன சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுகூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். இக்கதை 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் வந்தது. படம் வரைந்தவர்களில் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ. பார்சலோனா ஓவியரின் கோடு, லண்டன் அச்சு, சிவகாசித் தமிழ் என்று இத்தனை கை மாறித்தான் அந்த மாயாவி தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்தார். அவர் வெள்ளைக்காரர் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. நல்ல மொழிபெயர்ப்பின் வேலை அது.

ஆனால் முத்து காமிக்ஸ் பிறந்த நேரம் நமக்கு நல்ல நேரம் அல்ல. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் அந்தப் பிடிக்குள் வந்தன. உள்ளூர் எழுத்துக்கு அதனால் நன்மை கிடைத்தது உண்மை. வீரகேசரி பிரசுரங்கள் வளர்ந்ததும் ஈழத்து நாவல்கள் பெருகியதும் அந்த ஆண்டுகளில்தான். 'சுந்தர்' என்ற சி. சிவஞானசுந்தரம் நடத்திய சிரித்திரன் சஞ்சிகையின் கேலிச்சித்திரங்களும் அவருடைய சவாரித்தம்பரும் வீடுவீடாகப் பேசப்பட்டார்கள். சிங்களத்தில் 1951இலேயே ஜீ. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா' லங்காதீபவில் வந்து சித்திரக்கதைக்கு வழி திறந்திருந்தது. 70களில் சித்திரக்கதைக்கென்றே சிங்கள வாரப் பத்திரிகைகள் வந்து குவிந்தன. நம்மூரில் பல முஸ்லிம் பிள்ளைகள் சிங்களம் வாசிக்கப் பழகியதற்கு அந்தப் பத்திரிகைகளும் ஒரு காரணம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஆனால் தமிழில் மட்டும் வாசித்த சிறுபிள்ளைக்கு அப்படியொரு சித்திரக்கதைப் பத்திரிகை இங்கே கிடைக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். எழுத்துக்கூட்டக் கற்ற பிள்ளைக்கு அடுத்ததாக எடுத்து வாசிக்க ஏதும் இல்லாத காலம் அது.

1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டதும் இந்தியப் புத்தகங்கள் மறுபடி வந்தன. சம்பள நாளில் டவுனுக்கு வரும் தோட்டத்துச் சனம் அரிசி, மாவு, கருவாட்டோடு பிள்ளைக்கு ஒரு கொமிக்ஸும் வாங்கிப் போன காலம் அது. சிறிய அளவு, மெல்லிய தாள். அப்பியாசக் கொப்பிக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ஒரு புத்தகம் ஒரு வீட்டோடு நிற்காது. லயத்தில் ஒரு காம்பராவில் இருந்து மறு காம்பராவுக்கும், சலூன் வாங்கில் இருந்து கடைப் பின்கட்டுக்கும் கைமாறும். அட்டை கிழிந்த பிறகும் கதை ஓடிக்கொண்டிருக்கும். பசறை, லுணுகலை, தெமோதரை, ஹாலிஎலப் பக்கம் ஐம்பது வயது தாண்டிய யாரிடமாவது "இரும்புக்கை மாயாவி தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு 1983. அந்த ஜூலையில் நம் நகரத்தின் கடைத்தெருவும் எரிந்தது. விவரம் தெரியாதவர்கள் இங்கே குறைவு, அதை இந்தப் பதிவில் விரிக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1984இல், தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. தாயகம் திரும்பிய உறவுகள் போக வர இருந்த வழி அது. பெட்டியோடு புத்தகம் வந்த வழியும் அதுதான்.

அதே 1984 ஜூலையில் சிவகாசியில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அந்த ஆண்டே வந்தது. தமிழ்ச் சித்திரக்கதையின் பொற்காலம் என்று தமிழ்நாட்டில் சொல்லும் ஆண்டுகள் அங்கிருந்து தொடங்குகின்றன. ஸ்பைடர், ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர், ஜேம்ஸ் பொண்ட் என்று மாதம் தவறாமல் நாயகர்கள் வந்தார்கள். போர்க்காலத்திலும் கொழும்பு வழியாக அவை நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தன. 'லயன்' என்றால் நம் மலையகத்தில் சிங்கம் அல்ல, லயன் காம்பராதான். லயன் காம்பராவில் குப்பி விளக்கில் லயன் காமிக்ஸ் வாசித்த தலைமுறை அது. அவர்களில் பலர் பின்னர் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் ஆனார்கள்.

இந்தப் புத்தகங்களுக்கு அடியும் கிடைத்தது. "படிப்பு கெட்டுப் போகும்", "துப்பாக்கிச் சண்டை பழகுவான்" என்று பிடுங்கி அடுப்பில் போட்ட வாப்பாமாரும் அதிபர்களும் உண்டு. இந்தப் பயம் நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. 1954இல் அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், கொமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகள் ஆக்குகிறது என்று புத்தகமே எழுதினார். செனட் சபையில் விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கடுமையான விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் குறிப்புகளைத் திறந்து பார்த்து, பிள்ளைகள் சொன்னதை அவர் திரித்தும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருக்கிறார் என்று 2012இல் காட்டினார்.

அதே பயம் இங்கிலாந்தில் மார்கஸ் மோரிஸ் என்ற பாதிரியாருக்கும் இருந்தது. அமெரிக்கப் பயங்கரக் கதைகள் பிள்ளைகள் கையில் இருப்பதை அவர் விரும்பவில்லை. அவர் எரிக்கவில்லை. அதைவிட நல்ல ஒரு கொமிக்ஸைத் தொடங்கினார். 1950இல் வந்த 'ஈகிள்' இதழின் முதல் வெளியீடு ஏறத்தாழ 9 இலட்சம் பிரதிகள் போனது. இந்தியாவில் அனந்த் பாயும் அப்படித்தான். தொலைக்காட்சி வினாடி வினாவில் கிரேக்கத் தெய்வங்களைத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்கள் இதிகாசம் தெரியவில்லை என்று கண்டு அமர் சித்திரக் கதையைத் தொடங்கியதாகச் சொல்லி வந்தார். லக்கி லுக் கதைகளை வரைந்த பெல்ஜிய நாட்டு மொரிஸ், தன் நாயகன் வாயிலிருந்த சிகரெட்டை 1983இல் எடுத்துவிட்டு ஒரு புல் தண்டை வைத்தார். அதற்காக 1988இல் உலக சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது. பிள்ளைக்கு எது கெடுதல் என்று கவலைப்படுவது பெரியவர்களின் கடமைதான். அந்தக் கவலையில் புத்தகத்தைப் பிடுங்குவதோடு நின்றுவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

உருவப்படம் பற்றிய மார்க்கக் கேள்வி சிலருக்கு இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள். நாம் இங்கே பேசுவது ஆசிரியர்களாக மட்டும். வஹீயின் முதற் சொல்லே வாசிப்பைப் பற்றியது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

வகுப்பறையில் சித்திரக்கதை எப்படி வேலை செய்கிறது? நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத் தமிழ் வேறொன்று. தோட்டத்துப் பிள்ளைக்கும் சரி, முஸ்லிம் பிள்ளைக்கும் சரி, இந்த இடைவெளி பெரியது. சித்திரக்கதையில் வசனம் குறைவு. தெரியாத சொல் வந்தால் பக்கத்தில் இருக்கும் படமே பொருள் சொல்லிவிடும், அகராதியும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளை தானாக இட்டு நிரப்புகிறது. கிரகித்தல் வினாவில் நாம் கேட்பதும் இதைத்தானே? கதை தொடராக வந்தால் "அடுத்தது எங்கே?" என்று பிள்ளையே தேடி வரும். வாசிப்புப் பழக்கத்துக்கு அந்தத் தேடல்தான் முதற்படி.

அப்படியானால் ஏன் நின்றது? தொலைக்காட்சி ஒரு காரணம். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் சில காலம் ஒழுங்காக வரவில்லை. 2012இல் லயன் பெரிய அளவில், வண்ணத்தில், நல்ல தாளில் திரும்பி வந்தது. ஆனால் விலையும் ஏறியது. இந்திய ரூபாயில் கட்டுப்படியாகும் விலை நம் பணத்துக்கு மாற்றித் தபால் செலவும் சேர்த்தால் தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாது. 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அந்த நிலையில் யார் கொமிக்ஸ் வாங்குவது? இன்றைய பிள்ளைக்கு டோரேமோன் தெரியும், போனில் பார்த்திருக்கும். அது 1969இல் ஜப்பானில் சித்திரக்கதையாகத்தான் பிறந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படும்.

"எதில் இருந்து தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் வரிசை இது:

1. தரம் 3 முதல் 5 வரை: லக்கி லுக். தன் நிழலை விட வேகமாகச் சுடுபவர், ஆனால் கதை முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொன்றும் தனிக்கதை, எங்கிருந்தும் தொடங்கலாம்.

2. தரம் 6 முதல் 9 வரை: இரும்புக்கை மாயாவி மறுபதிப்புகள். பிறகு டெக்ஸ் வில்லர். இது 1948இல் இத்தாலியில் தொடங்கிய தொடர். டெக்ஸ் ஒரு வெள்ளைக்காரர், ஆனால் நவஹோ பழங்குடி மக்களின் தலைவர்களில் ஒருவர். நிலம் பறிபோகும் மக்களுக்காக நிற்பவர். அந்த நியாயம் நம் மலையகப் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

3. உயர்தர வகுப்பும் பெரியவர்களும்: 'இரத்தப் படலம்'. நினைவிழந்த ஒருவன், உடம்பில் பச்சை குத்திய ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தான் யார் என்று தேடுகிறான். 2010இல் 18 பாகங்களை ஒரே புத்தகமாக லயன் வெளியிட்டது. கேப்டன் டைகர் கதைகளும் இந்த வயதுக்கே. சண்டையும் மதுச்சாலைக் காட்சிகளும் வரும், பெற்றோர் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

ஆங்கிலம் ஓடும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2014இல் 'மிஸ் மார்வெல்' தொடரின் நாயகியாக கமலா கான் வந்தாள். பாகிஸ்தான் வம்சாவளி முஸ்லிம் பிள்ளை. எழுதியவர் ஜீ. வில்லோ வில்சன், அவரும் முஸ்லிம் பெண்மணி. தொழுகையும் வீட்டுக் கண்டிப்பும் பாடசாலையும் எல்லாம் அந்தக் கதையில் உண்டு. குருத்தலாவையிலும் பண்டாரவளையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் தங்களை ஒரு புத்தகத்தில் பார்க்க ஆசைப்படமாட்டார்களா? நமுனுகுல மலையும் துன்ஹிந்த அருவியும் கொழுந்து மடுவமும் உள்ள கதையை வேறு யாரும் வந்து வரையப் போவதில்லை. நம் சித்திரப் பாட வேளையில் ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்தால் ஒரு கொமிக்ஸ் ஆகிவிடும்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறோம். கட்டிலுக்கடியிலும் பரணிலும் பழைய கொமிக்ஸ் வைத்திருக்கும் நானாமார், அண்ணன்மார், தாத்தாமார், அக்காமார் இந்த ஊரில் நிறையப் பேர். கறையான் தின்னும் முன், பழைய பேப்பர்க்காரருக்குப் போகும் முன், பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். அரிதானவை இருந்தால் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து வையுங்கள். ஈழத்துத் தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை 'நூலகம்' இணையத்தளம் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது, சிரித்திரனை இன்றும் அங்கே வாசிக்கலாம். ஒரு தட்டு, இருபது புத்தகம், இரவல் எழுத ஒரு கொப்பி, பூட்டு வேண்டாம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். தொலைந்தால் யாரோ ஒரு பிள்ளை வாசிக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

உங்கள் தோட்டத்தில், உங்கள் தெருவில் யார் புத்தகம் இரவல் கொடுத்தார்கள், எந்தக் கதை முதலில் உங்கள் கைக்கு வந்தது என்று கீழே எழுதுங்கள். இந்த வரலாறு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, நாம் எழுதினால்தான் உண்டு. அடுத்த வாசிப்பு மாதத்துக்குள் தட்டுகளை நிரப்பிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.