கல்வராயன் மலைக்குச் சுதந்திரம் வந்தது எப்போது?

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். மழை வருமா வராதா என்பதை அப்பா அந்த மலையைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் அங்கே இருக்கிற மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அப்பாவுக்குச் சிறிய மளிகைக் கடை. மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், சாமை எல்லாம் தலைச்சுமையாக வரும். இரவே கிளம்பிக் காச்சிராயபாளையம் வழியாக நடந்து வருவார்கள். திரும்பும்போது உப்பு, மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய் வாங்கிப் போவார்கள். அடுத்த வருஷத்துப் புளிக்கு இந்த வருஷமே முன்பணம் கொடுத்து வைப்பது வழக்கம். விலையை நாங்கள்தான் சொல்வோம். கணக்கு எழுதுவது பள்ளிக்கூடப் பையனான என் வேலை. 'மலைக்கவுண்டர், புளி 8 தூக்கு' என்று எழுதுவேன். பெயர் கேட்டு எழுதியதில்லை.

1967 தேர்தல் சமயம். அப்பா ஓட்டுப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். புளி கொண்டுவந்திருந்த ஒரு பெரியவர் அப்பாவின் விரலைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, விரல்ல காயமா?" என்று கேட்டார்.

"ஓட்டுப் போட்டேன் கவுண்டரே. நீங்க போடலையா?"

"எங்களுக்கு ஏது சாமி அதெல்லாம்? எங்களுக்கு ஜாகீர்தாரு இருக்காரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

கல்வராயன் மலை மக்களை 'மலையாளிகள்' என்பார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்தான். கவுண்டர் என்பது அவர்களுடைய பட்டப்பெயர். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலை எங்கும் இவர்களே பெரும்பான்மை. அரசுப் பட்டியலில் பழங்குடியினர்.

தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் போய்க் குடியேறினார்களாம். வரும்போது கரியராமன் என்ற சாமியையும் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். மலையில் அதற்கு முன்பே இருந்த வேடர்களைக் கொன்று, அவர்கள் வீட்டுப் பெண்களை மணந்ததாகவும் ஒரு கதை உண்டு. அதன் நினைவாகக் கல்யாணத்தில் துப்பாக்கி வெடிக்கும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் தமது 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூல் வெளிவந்தது 1909-ல். தாங்கள் வந்த கதையை, அதில் உள்ள குற்றத்தையும் மறைக்காமல், சடங்காகவே வைத்திருந்த மக்கள் இவர்கள்.

இனி ஜாகீர் கதை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று சொல்லப்படுவது. வெள்ளைக்காரன் அதை அப்படியே விட்டுவிட்டான். மலையில் உழுகிற ஏருக்கும் கொத்துகிற மண்வெட்டிக்கும் கணக்குப் பார்த்து வரி. ஜாகீர்தார் நிலத்தில் கூலி இல்லாமல் வேலை செய்ததை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1947 வந்தது, 1950-ல் குடியரசு வந்தது. மலையில் ஒன்றும் மாறவில்லை. 1963-ல்தான் இப்படிப்பட்ட உரிமைகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஜாகீர்தார்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு முடிந்து மலை அரசின் கைக்கு வந்த நாள் 1976 ஜூன் 25.

அந்தத் தேதியைப் பாருங்கள். நெருக்கடி நிலை அறிவித்து அன்றோடு சரியாக ஒரு வருஷம். அதே 1976-ல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. நாம் கீழே வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்த காலத்தில், மேலே இருந்தவர்களுக்கு விடுதலை கிடைத்திருக்கிறது. அந்த நாட்களை நான் எப்போதும் ஒரே மாதிரி திட்டிக்கொண்டிருந்தவன். இது தெரிந்த பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் பேசுகிறேன்.

அதன் பிறகும் ஓட்டுரிமை உடனே வரவில்லை. 1996-ல்தான் இவர்கள் ஓட்டுப் போடத் தொடங்கினார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொல்லப்பட்டது. எங்கள் கடைக்கு வந்த பெரியவர் அதுவரை இருந்திருக்க மாட்டார்.

அந்தமானில் சென்டினல் தீவு மக்களைப் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். வெளியாட்கள் வருவதை அவர்கள் விரும்பவில்லை. 2018-ல் மதம் பரப்பப் போன ஓர் அமெரிக்க இளைஞர் அங்கே உயிரிழந்தார். அந்தமான் பழங்குடிகளைப் பாதுகாக்க 1956-லேயே தனி விதிகள் செய்தார்கள். சுற்றிலும் கடல், தனியாக இருப்பது அவர்களே வேண்டுவது. கல்வராயன் மலையைச் சுற்றிக் கடல் இல்லை. கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சங்கராபுரம் என்று சந்தையும் பள்ளிக்கூடமும் உள்ள ஊர்கள்தான். இவர்கள் தனித்திருக்க ஆசைப்படவும் இல்லை; வாரம் தவறாமல் இறங்கி வந்தார்கள். நாம்தான் அவர்களைத் தீவாக வைத்திருந்தோம்.

அதன் விலையை இன்றும் கொடுக்கிறார்கள். ஜாகீர் போனபோது, தலைமுறையாக உழுத நிலத்துக்குக் காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதம் இல்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தும், தமிழ்நாட்டில் வழக்குகளால் பட்டா கொடுப்பது பல வருஷம் தடைப்பட்டது. நிலம் இல்லாதவர்களைத் தரகர்கள் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிகள்.

2024 ஜூனில் நம் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிரைக் குடித்தது மெத்தனால் என்கிற ஆலை ரசாயனம். ஆனாலும் கல்வராயன் மலையையே கள்ளச்சாராய மலை என்று எல்லோரும் பேசினார்கள். அந்தச் சமயத்தில்தான் உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. அறுபது பிணம் விழுந்த பிறகுதான் மலையைத் திரும்பிப் பார்த்தோம்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து வெள்ளிமலைக்கு அலுவலகங்கள் வந்திருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிவர வேண்டிய குக்கிராமங்கள் இன்னும் இருப்பதாக அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உழுகிற நிலத்துக்குப் பட்டா, மழையில் அறுந்துபோகாத சாலை, இரவிலும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி, வாத்தியார் வருகிற பள்ளிக்கூடம். கோமுகி அணைத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைவிக்கிறோமே, அந்தத் தண்ணீர் அவர்கள் மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது.

போன மாதம் பரண் சுத்தம் செய்தபோது அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. என் கையெழுத்துதான். கீழே உள்ள வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பெயரும் தெருவும் இருக்கிறது. மலையிலிருந்து வந்தவர்களுக்கு 'மலைக்கவுண்டர்', 'மலைக்கவுண்டர்' என்று பக்கம் பக்கமாக அதே சொல்தான். ஓட்டு மையைப் பார்த்துக் காயமா என்று கேட்டவர் அதில் எந்த வரியில் இருக்கிறார் என்று தேடினேன். கண்டுபிடிக்க வழியில்லை.