ஆனையிறவு வாடி வீட்டில யார் தங்கினது?

இத்தாலியில கோமோ, கார்தா ஏரிக்கரைகளில ஒரு குடும்பமே நடத்துற சின்ன ஹோட்டல்கள் நிறைய இருக்கு. பிள்ளை குட்டியோட போய் நாலு நாள் தங்கலாம். அந்தப் படங்களைப் போனில பார்க்கேக்க ஒரு வரலாற்று மாணவிக்கு வாற கேள்வி கொஞ்சம் வேற: எங்கட தண்ணிக்கரையில அப்படித் தங்க ஒரு இடம் இருந்ததா?

இருந்தது, ஆனையிறவில. குடாநாட்டை வன்னியோட ஒட்டவைக்கிற அந்த ஒடுங்கின நிலத்தில, கடல்நீரேரிக் கரையில ஒல்லாந்தர் ஒரு சின்னக் கோட்டை வச்சிருந்தவை. போற வாற ஆக்களையும் சரக்கையும் கண்காணிக்கிறதுதான் அதின்ர வேலை. பிரித்தானியர் காலத்தில அந்தத் தேவை இல்லாமல் போக, கோட்டை 'ரெஸ்ட் ஹவுஸ்' ஆனது. தமிழில வாடி வீடு. மீன்வாடி, மரவாடி எண்டு சொல்லுறமே, அதே வாடிதான். ஒரு காவலரண் விருந்தினர் விடுதியா மாறினது எங்கட வரலாற்றில அபூர்வமா நடந்த நல்ல விசயம் எண்டுதான் முதலில நினைச்சன்.

ஆனா விருந்தினர் யார்? வாடி வீடுகள் முதலில ஊர்க் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை இல்லை. மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போற அரசாங்க உத்தியோகத்தர் இராத் தங்கத்தான் வீதி வழிய அவை இருந்தன. சிவில் சேவைக்கு வந்த லெனார்ட் வூல்ஃப் (பிறகு வெர்ஜீனியா வூல்ஃபைக் கலியாணம் கட்டினவர்) 1905 ஜனவரியில அநுராதபுரத்தில இருந்து மாட்டுத் தபால்வண்டியில ஆனையிறவு மட்டும் வந்து, அங்கயிருந்து கோச்சி ஏறித்தான் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அவரோட சார்ல்ஸ் எண்ட நாயும் வந்தது. அதே வருசம் ஆகஸ்டில கொழும்புப் பாதை முழுசா இணைய, ஆனையிறவில இரவைக் கழிக்க வேண்டிய கட்டாயம் கனபேருக்கு இல்லாமல் போச்சு.

சாதாரண சனத்துக்கு மடங்கள் இருந்தன. கொக்குவிலுக்குப் பக்கத்தில கந்தர்மடம், அங்கால ஓட்டுமடம் எண்டு ஊர்ப்பேரே அதைச் சொல்லுது. பருத்தித்துறைத் தெருமூடிமடம் இண்டைக்கும் தெருவுக்கு மேல கூரையோட நிக்குது. மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் எண்டு வரிசையாச் சொல்லி, "எங்கட முன்னோர் வழிப்போக்கர் எல்லாரையும் ஆதரிச்சவை" எண்டு முடிக்கிற கட்டுரைகளைப் பள்ளிக்கூட மலர்களில வாசிச்சிருப்பீங்கள். அந்த "எல்லாரையும்" எண்ட சொல்லில எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏனெண்டால் இதே யாழ்ப்பாணத்தில ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடைக்குள்ள இருந்து ஒரு கிளாசில தேத்தண்ணி குடிக்க முடியேல்லை. வெளியில நிண்டு போத்தலில, தகரப் பேணியிலதான் வாங்க வேணும். பொதுக் கிணறு, கோயில், கடை எல்லாத்திலயும் இதே கதை. 1957இல சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தது. சட்டம் வந்ததோட கதவு திறக்கேல்லை. 1966 ஒக்ரோபர் 21 அண்டு சுன்னாகத்தில தொடங்கின ஊர்வலம் பொலிஸ் அடியையும் தாண்டி யாழ்ப்பாணம் நோக்கிப் போனது. சுன்னாகத்தில இருந்து நகரத்துக்கு நேர்வழி காங்கேசன்துறை வீதி, கொக்குவிலை ஊடறுத்துப் போற வீதி. அதுக்குப் பிறகுதான் தேநீர்க்கடைப் பிரவேசமும், 1968இல மாவிட்டபுரம் கோயில் போராட்டமும் சூடு பிடிச்சது. ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கே இவ்வளவு எண்டால், ஒரு இரவுக்குப் பாய் விரிக்க இடம் கேட்டிருந்தால்?

வாடி வீட்டின்ர மிச்சக் கதையை யுத்தம் எழுதினது. 1991 யூலை ஆனையிறவுச் சண்டைச் செய்திகளில 'வாடி வீடு' எண்டது ஒரு இராணுவக் காவல் முகாமின்ர பேர். 2000 ஏப்ரலில தளம் புலிகளிட்ட விழுந்து, 2009 ஜனவரியில திரும்ப இராணுவத்திட்டப் போனது. இண்டைக்கு பஸ்ஸுகள் அங்க நினைவுச்சின்னம் பார்க்க நிக்குது, இராத் தங்க ஒருதரும் இறங்கிறேல்லை. தண்ணிக்கரையில தங்க வேணுமெண்டால் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில கடலுக்குள்ள இருக்கிற கடற்கோட்டைக்குப் போகலாம், நடத்துறது கடற்படை. காங்கேசன்துறையில தல்செவன, நடத்துறது இராணுவம். கோட்டை விடுதியானதை நல்ல விசயம் எண்டு நினைச்ச எனக்கு இங்க கதை தலைகீழாத் தெரியுது.

குடும்பங்கள் நடத்துற விடுதிகள் இப்ப எங்கட ஒழுங்கைகளுக்குள்ளதான் இருக்கு. நல்லூர்த் திருவிழாவின்ர 25 நாளும் கனடா, லண்டன் சனம் வந்தால் கொக்குவிலில மேல்மாடி கட்டி, ஏசி பூட்டின வீடுகளில அறை கிடைக்கிறது கஷ்டம். கடவுச்சீட்டும் காசும் காட்டினால் காணும், வேற கேள்வி இல்லை. அதே ஒழுங்கையில கம்பஸ் பிள்ளையள் வருசக் கணக்குக்கு அறை தேடிப் போனால் வாடகை பேச முதல் கேள்விகள் வரும். எந்த ஊர்? ஊரில எந்தப் பக்கம்? ஆற்ற பிள்ளை? உங்கட கோயில் எது?