ஒரே பாட்டு, இரண்டு குவளை

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் தனியார் பேருந்தில் வாரத்துக்கு நாலு நாள் போய்வருகிறேன். நடத்துநரின் விசில், கல்லூரிப் பிள்ளைகளின் அரட்டை, பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் கணவனிடம் போனில் சண்டை போடும் ஒரு பெண்ணின் குரல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாட்டு. பல்லவி காதில் விழும். சரணம் வரும்போது யாராவது சில்லறை கேட்பார்கள். அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

போன மாதம் ஒருநாள் இண்டூர் நெருங்கும்போது பாட்டு மாறியது. அதுவரை எண்பதுகளின் சினிமாப் பாட்டு. அடுத்து வந்தது சாதிப் பெயரைச் சொல்லி மீசையையும் அரிவாளையும் புகழும் பாட்டு. பின்சீட்டு இளைஞர்கள் கைதட்டி விசிலடித்தார்கள். எங்கள் காலனிப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். சமூகவியலில் முதுகலை படித்த, ஆட்சியர் அலுவலகத்தில் எத்தனையோ மனு கொடுத்த நான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்சீட்டில் இருந்த ஒரு பாட்டிதான் பேசினார். "கண்ணு, அந்தப் பாட்ட மாத்து. தல வலிக்குது."

"ஏன் ஆயா, பாட்டு நல்லாத்தான இருக்குது?"

"உனக்கு நல்லா இருக்கும். எனக்குத் தல வலிக்குது."

நடத்துநர் சிரித்துக்கொண்டே போய் மாற்றச் சொன்னார். பாட்டு மாறியது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. பொது இடத்தில் ஒலிக்கும் பாட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? இதற்கு நம் ஊர்களில் நீண்ட வரலாறு உண்டு.

"இப்போதெல்லாம் யாரும் இசையைக் கவனித்துக் கேட்பதில்லை. காரிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஏதோ ஒலித்துக்கொண்டே இருக்கிறது, மனசு மட்டும் வேறெங்கோ இருக்கிறது" என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். அந்த வருத்தத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அமைதியான அறை இருக்கிறது. அந்த அறை யாருக்கு இருந்தது?

பேசாமல், அசையாமல் உட்கார்ந்து இசை கேட்பது ஆதிகாலத்து வழக்கமும் அல்ல. கல்யாணப் பந்தலில் கச்சேரி நடந்தபோது பேச்சும் சாப்பாடும் கூடவே நடந்தன. டிக்கெட் வாங்கி, வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தை நகரத்துச் சபாக்கள்தான் வளர்த்தன. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அந்த அமைதியான அரங்கத்தின் மேடையில் ஒலித்த மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதி சேர்த்துக் கொடுத்தவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களுடைய பெயர்களும் வாழ்க்கையும் ஒரு முழுப் புத்தகமாகப் பதிவானது 2020இல்தான். டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அந்தப் புத்தகம்.

அப்படியானால் நம்மவர்கள் இசையை எங்கே நின்று கேட்டார்கள்? மதிலுக்கு வெளியே நின்று. கோயிலுக்குள் நாகஸ்வரம் வாசித்தால், உள்ளே போக முடியாதவர்களுக்கு அது தெருமுனையில்தான் கேட்கும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அதுவரை பாதி காற்றில் போய், மீதி காதில் விழுந்ததுதான் நமக்குக் கிடைத்த சங்கீதம். மாட்டுச் சத்தத்துக்கும் வேலைக்கும் நடுவே கவனம் சிதறக் கேட்பது செல்போனோடு வந்த நோய் என்பவர்கள் இந்த மதிலை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் வாசித்த இசையை யாரும் இசையாகக் கேட்கவில்லை. சாவு சொல்லவும் பிணத்துக்கு முன்னால் போகவும் திருவிழா அறிவிக்கவும் பறை வேண்டும். அடிப்பவர் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். அதனால்தான் பல ஊர்களில் நம் பெரியவர்கள் "இனிமேல் அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தார்கள். 1990களில் தலித் கலை விழாக்களிலும், திண்டுக்கல்லில் தொடங்கப்பட்ட சக்தி கலைக்குழு போன்ற குழுக்களிலும் அதே பறை பெண்களின் கைக்கும் வந்து மேடை ஏறியது. கீழே வைத்ததும் போராட்டம், மேலே எடுத்ததும் போராட்டம். இரண்டிலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: எங்களைக் கேள்.

பொதுச் சாலையில் இசையோடு போகும் உரிமை பற்றிய பழைய வழக்கு ஒன்று நம் பழைய மாவட்டத்திலேயே தோன்றியது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதற்கு முன் பென்னாகரம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1882இல் சேலம் நகரத்தில், மசூதியைத் தாண்டி மேளதாளத்தோடு ஊர்வலம் போவது குறித்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெரும் கலவரம் நடந்தது. அந்தத் தகராறையொட்டி வந்த 'சுந்தரம் செட்டி எதிர் மகாராணி' வழக்கில் 1883இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்புச் சொன்னது. பிறர் சாலையைப் பயன்படுத்துவதைத் தடுக்காமலும், அதிகாரிகளின் சட்டப்படியான உத்தரவுகளுக்கு உட்பட்டும், எந்த வகுப்பினரும் பொதுச் சாலையில் இசையோடு ஊர்வலம் போகலாம் என்பது அதன் சாரம்.

'எந்த வகுப்பினரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தத் தீர்ப்புக்கு நூற்று நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் நம் வீட்டு மாப்பிள்ளை ஊர்த் தெருவில் பேண்டு வாத்தியத்தோடு போக வேண்டுமென்றால், பல இடங்களில் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துப் பாதுகாப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பாட்டு நம் தெருவுக்குள் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

இந்த ஏற்பாட்டை முதலில் கொஞ்சம் அசைத்தது வானொலி. 1930இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. டிக்கெட் இல்லாமல், வாசலில் யாரும் தடுக்காமல், காற்று வாங்க வந்தவர்களும் சுண்டல் விற்றவர்களும் சங்கீதம் கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பிறகு கிராமங்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது.

அதைப் பற்றி என் பாட்டி சொல்லியிருக்கிறார். ரேடியோப் பெட்டி ஊர்ப் பக்கம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்தது. குழாய் ஒலிபெருக்கியும் ஊரைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. காற்று திரும்பினால் சேரிக்கும் கேட்கும், திரும்பாவிட்டால் இல்லை. "எங்களுக்குக் காத்துதான் ரேடியோ ஸ்டேசன்" என்பார். அரசாங்கப் பணத்தில் வாங்கிய பெட்டி எந்தத் தெருவில் வைக்கப்பட்டது என்பதும் சமூகவியல்தான். இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை, பாட்டியிடம் படித்தேன்.

பிறகு டேப் ரெக்கார்டரும் கேசட்டும் டீக்கடைக்கும் பேருந்துக்கும் வந்தன. 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. பண்ணைப்புரத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த இளையராஜாவின் முதல் படம். அதன்பின் ஏறக்குறைய இருபது வருடம் தமிழ்நாட்டுப் பேருந்துகளிலும் டீக்கடைகளிலும் அவருடைய பாட்டு ஓடாத நாள் உண்டா? அமைதியான அறையில் கேட்டவர்களைவிட, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்கள்தான் அதிகம். நல்ல டேப் இருக்கிற பஸ் வரட்டும் என்று முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த டீக்கடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே ஒலிபெருக்கியில் இளையராஜா. கீழே நம்மவர்களுக்குத் தனிக் குவளை. என் அப்பா அப்படிப்பட்ட கடையில் டீ குடித்திருக்கிறார். குடித்த குவளையைத் தானே கழுவி வைத்திருக்கிறார். பாட்டு எல்லோருக்கும் ஒன்று, குவளை இரண்டு. இசை சாதியைக் கரைத்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் காட்சிதான். ஒலி மதிலைத் தாண்டும். கேட்கிறவர் தாண்டுவதற்குப் போராட்டம் வேண்டும்.

இப்போது கேசட் போய்ப் பென் டிரைவ், செல்போன், யூடியூப் வந்துவிட்டன. சாதிக்கு ஒரு பாட்டு, தலைவருக்கு ஒரு பாட்டு. தன் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருவர் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். அதே பாட்டைப் பேருந்தில், காலனி ஓரத்தில் நிறுத்திய ஜீப்பில், சத்தத்தைக் கூட்டி வைத்தால் அது பாட்டு கேட்பதாகாது. எல்லை போடுவதாகும். தருமபுரி மாவட்டத்தில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மோடு அதே பேருந்துகளில் வருகிறார்கள். ஒரு பாட்டு அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின், நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2024இல் அது கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்றது. நல்லது. பேருந்தில் ஒலிக்கும் சாதிப் பாட்டும் அதே கயிறுதான், காதில் கட்டுகிற கயிறு. பட்டியலின மக்கள்மீது பகையையும் வெறுப்பையும் தூண்டும் சொல்லை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(u) குற்றமாக்குகிறது. நம்மை இழிவுபடுத்தும் பாட்டு ஒலித்தால் நாள், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுக்கலாம். வெறும் பெருமைப் பாட்டுக்கு இந்தப் பிரிவு போதாது. அங்கே வாய் திறந்து பேசுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தப் பெண் பிள்ளையின் இயர்போனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அவளுக்கென்று கிடைத்த முதல் தனி அறை அதுதான். அதற்குள் அவள் கானாவோ, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடல்களோ எதையும் கேட்கலாம். யாரும் பல்லவியில் சில்லறை கேட்க முடியாது. ஆனால் நாம் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டால் பேருந்து அவர்களுடையதாகிவிடும்.

அன்று தருமபுரியில் இறங்கியதும் பாட்டியோடு கொஞ்சதூரம் நடந்தேன். "நிஜமாவே தலைவலியா ஆயா?" என்று கேட்டேன்.

"சாதியச் சொன்னா சண்டைக்கு வருவான் கண்ணு. தலவலின்னா எவன் சண்டைக்கு வருவான்?" என்றார்.

அவருடைய காலத்துக்கு அந்தத் தலைவலி போதும். நான் படித்திருக்கிறேன், சட்டம் தெரியும், மாதச் சம்பளம் இருக்கிறது. நானும் தலைவலி என்று சொன்னால் அது கோழைத்தனம். அடுத்த முறை எழுந்து நின்று, "இது எல்லோரும் காசு கொடுத்து ஏறின வண்டி, அந்தப் பாட்டை நிறுத்துங்கள்" என்று காரணத்தோடு சொல்லப்போகிறேன். நீங்களும் உங்கள் பேருந்தில் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் "ஆமாம்" என்று சொன்னால் போதும், பாட்டு மாறும்.